நம்பர் கொடுத்த மிஸ்

அவர் போனை எடுத்தால் ஹலோ சொல்லமாட்டார். நிலையத்தின் பெயரையும் சொல்லமாட்டார். "சொல்லுங்க, எங்க இருந்து?" என்பார். மறுமுனையில் சிங்களம் கேட்டால் அதே வேகத்தில் "கொஹே இந்தலாத?" என்பார். எந்த மொழியானாலும் முதல் கேள்வி அதுதான். அதற்குப் பதில் வரும்வரை, டொக்டர் வருகிறாரா, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று யார் எதைக் கேட்டாலும் அவர் காதில் விழாது.

மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருந்த சனல் நிலையம் அது. கண்டியிலிருந்து விசேட டொக்டர்மார் பின்னேரம் நாலு மணிக்கு வந்து நோயாளரைப் பார்ப்பார்கள். அன்று காலையிலேயே போன் பண்ணி நம்பர் எடுத்துக்கொள்ள வேண்டும். நம்பர் கொடுப்பவர் அவர். நாற்பதைத் தாண்டிய வயது. எல்லோரும் 'மிஸ்' என்றார்கள், நான் அக்கா என்றேன். பெயர் எனக்குத் தெரியும். எழுதட்டுமா என்று அவரிடம் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை.

நான் அந்த நிலையத்துக்கு வெப்சைட் செய்துகொடுக்கப் போனவன். கண்டியில் டிப்ளோமா முடித்து வந்த புதிது. மாத்தளையில் எந்தக் கடைப்பலகையைப் பார்த்தாலும் அதற்கு ஒரு தளம் மனதில் விரியும். ஒரு பக்கத்தை இரண்டு மணித்தியாலத்தில் செய்து முடிப்பேன், அடுத்த நாள் அதைக் கலைத்துவிட்டு வேறொன்று செய்வேன்.

நிலையத்தின் உரிமையாளரை எல்லோரும் ஹாஜியார் என்பார்கள். கீழே இருந்த மருந்துக்கடையும் அவருடையதுதான். முதல் நாள் மிஸ்ஸையும் என்னையும் தன் அறைக்குள் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொன்னார்.

"மகன், மூணு மாசம் பாப்போம். ஆக்கள் வெப்சைட்ல நம்பர் எடுக்கப் பழகிட்டாங்கண்டா இந்தப் போனுக்கு ஆள் தேவையில்ல. மிஸ்ஸுக்கும் இப்பவே தெரிஞ்சி ஈக்கட்டும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பின்னால் ஒளித்துச் செய்வது அவருக்குப் பிடிக்காது. மிஸ் "சரி ஹாஜியார்" என்றார். வெளியே போன் அடித்தது. போய் எடுத்து, "சொல்லுங்க, எங்க இருந்து?" என்றார்.

ஆக, நான் செய்யப்போவது நன்றாக அமைந்தால் அவருடைய கதிரையும் வேலையும் போகும். அது எங்கள் இருவருக்கும் முதல் நாளே தெரிந்திருந்தது. அதன் பிறகு அதைப்பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஹாஜியாருக்கு வெப்சைட் ஏன் தேவைப்பட்டது என்றால், முறைப்பாடுகள். காலை ஏழு மணிக்கு முதல் ஆளாகப் போன் பண்ணிய டவுன்காரருக்கு இருபத்தாறாம் நம்பர் கிடைக்கும். பத்து மணிக்கு எடுத்த யாரோ ஒருவருக்கு ஐந்தாம் நம்பர் கிடைக்கும். மிஸ் நம்பர்களைப் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுவார். பக்கத்தில் அழிறப்பர் இருக்கும். ஒரு பெயரை அழித்துக் கீழே இறக்குவார், இன்னொன்றை மேலே ஏற்றுவார். பேனையால் எழுதினால் என்ன என்று நான் கேட்டதற்கு, "பஸ்ஸு பேனையில ஓடுறதில்ல தம்பி" என்றார். அப்போது அது எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லவும் நேரமில்லை, அடுத்த போன் வந்துவிட்டது.

அன்று முழுக்க அவருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்டேன்.

"எங்க இருந்து? … றத்தோட்ட டவுனா, மேலயா? … மேலன்னா எம்புட்டு மேல? தேயில ஃபெக்டரிக்கு அங்குட்டா? … சரி, உங்களுக்கு ஏழு. நாலே முக்காலுக்கு கதவுகிட்ட நிக்கணும். ஆறு மணி கடைசி பஸ்ஸ புடிச்சிரலாம். புள்ள நடக்குமா, தூக்கிட்டு வாறீங்களா? … அப்ப படி ஏறாதீங்க. கீழ மருந்துக்கடையில சொல்லுங்க, நான் கூப்புடுறேன்."

வைத்த கையோடு அடுத்தது.

"எங்க இருந்து? … மாத்தளையில எங்க சேர்? … நடந்து வாற தூரந்தான. இருபத்தாறு. ஆறரைக்கு டீயெல்லாம் குடிச்சிட்டு வாங்க. … ஆமா சேர், நீங்கதான் முதல்ல எடுத்தீங்க. அவங்கதான் முதல்ல போகணும்."

ஒருவர் கலேவெலயிலிருந்து பேசுவதாகச் சொன்னார். கலேவெல என்றால் இரண்டு பஸ் மாறி வர வேண்டும், சின்ன நம்பர் கிடைக்கும் என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். மிஸ் ரிசீவரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். ஜன்னலுக்கு வெளியே பேக்கரிப் பாண் விற்கும் ஓட்டோ தன் பாட்டைப் போட்டுக்கொண்டு போனது.

"கலேவெலயா? அங்கயும் இப்ப பாண் ஓட்டோ போகுதா? எனக்கு ரெண்டு காதுலயும் ஒரே பாட்டு கேக்குதே அண்ணே."

மறுமுனையில் அந்த ஆள் சிரித்துவிட்டார். மிஸ் சிரிக்கவில்லை. "இருபத்தொன்பது" என்று எழுதிக்கொண்டார்.

நான் குறிப்பெடுத்தேன். ஒரு அழைப்புக்கு அரை நிமிடம். வரிசை ஒழுங்கு இல்லை. வெளிப்படைத்தன்மை இல்லை. ஒரு தனிமனிதரின் விருப்பப்படி எல்லாம் நடக்கிறது. முதலில் வருபவருக்கு முதலில் என்று ஒரு நேர்மையான ஒழுங்கை நான் கொண்டுவரப்போகிறேன் என்று நினைத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

முதல் வடிவத்தை ஒரு வாரத்தில் முடித்தேன். முகப்பில் ஐந்து பெரிய படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும். முதல் படத்தில் வெள்ளைக்கோட்டு அணிந்த ஒரு வெளிநாட்டுப் பெண் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு சிரித்துக்கொண்டிருப்பார். அதன்மேல் மெல்லிய சாம்பல் எழுத்தில், 'உங்கள் ஆரோக்கியமே எமது இலட்சியம்' என்ற வரி. அதற்குக் கீழே நிலையத்தின் தூரநோக்கு, பணிநோக்கு, ஹாஜியாரின் வாழ்த்துச்செய்தி. எல்லாவற்றுக்கும் அடியில் நம்பர் எடுக்கும் பட்டன்.

என் லெப்டொப்பில் காட்டியபோது ஹாஜியார் "மாஷா அல்லாஹ்" என்றார். மிஸ் தன் போனில் காட்டச் சொன்னார். கண்ணாடி வெடித்த பழைய போன். அதை எடுத்துக்கொண்டு வெளிப்படிக்கட்டுக்குப் போனார். நல்ல வெயில்.

"எழுத்து எங்க?" என்றார்.

"இந்தா இருக்கே அக்கா."

கையைக் குடையாகப் பிடித்துப் பார்த்தார். மேலே தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் இதை வீட்டுக்குள் உட்கார்ந்து பார்ப்பதில்லை, சிக்னல் தேடி ரோட்டுக்கு ஏறி வெயிலில் நின்று பார்ப்பார்கள் என்று அவர் சொல்லவில்லை. கையை எடுத்தார், மறுபடி பிடித்தார். நான்தான் விளங்கிக்கொண்டேன்.

"இந்தம்மா யாரு?"

"சும்மா படம் அக்கா."

"என்னைக்கு வாறாங்க?"

"வரமாட்டாங்க. அது வாங்குற படம்."

"ம்."

பெருவிரலால் தள்ளிக்கொண்டே போனார். இலட்சியம் போனது, தூரநோக்கு போனது, வாழ்த்துச்செய்தி போனது. பட்டன் வருவதற்குள் போன் அணைந்துவிட்டது. பெட்டரி பழையது.

"டொக்டர் இன்னைக்கி வாறாரா இல்லயான்னு எங்க இருக்கு?"

அது எங்கேயும் இல்லை. நான் போட மறந்திருந்தேன்.

ஹாஜியாருக்குப் படங்கள் பிடித்திருந்ததால் இரண்டு நாள் அப்படியே போட்டுவைத்தோம். மூன்றாம் நாள் காலையில் ஒரு போன். மிஸ் கேட்டுக்கொண்டே இருந்தவர், ஸ்பீக்கரைப் போட்டு என் பக்கம் திருப்பி வைத்தார்.

"… அதான் மிஸ், முதலாவதா இருக்காங்கல்ல, சிரிச்ச மாதிரி ஒரு வெள்ளைக்கார லேடி டொக்டர், அவங்களுக்கு ஒரு நம்பர். எங்க வீட்டம்மாவுக்கு காட்டணும்."

மிஸ் என்னைப் பார்த்தார். உதட்டோரம் ஏதோ அசைந்ததுபோல இருந்தது. சத்தியம் செய்ய மாட்டேன்.

அன்றே படங்களை எல்லாம் எடுத்தேன். திறந்தவுடன் கறுப்பில், பெரிய எழுத்தில், 'இன்று குழந்தை வைத்தியர் வருகிறார், பி.ப. 4.00. தோல் வைத்தியர் இன்று வரமாட்டார்' என்று வரும்படி செய்தேன். அதற்கு நேர் கீழே பட்டன். இலட்சியத்தைக் கடைசிக்குத் தள்ளினேன்.

போனுக்கு அனுப்பும் இரகசிய எண்ணை ஒரு நிமிடத்துக்குள் போட வேண்டும் என்று வைத்திருந்தேன். மிஸ் அதைப் பார்த்துவிட்டு, "மேட்டுல ஏறுனாத்தான் மெசேஜ் வரும். கீழ எறங்கி வந்து போடுறதுக்குள்ள ஒரு நிமிஷம் முடிஞ்சிரும்" என்றார். பதினைந்து நிமிடமாக்கினேன். அடையாள அட்டை எண் கேட்டிருந்தேன். "புள்ளைக்கு ஏது ஐடி?" என்றார். எடுத்தேன்.

அவர் எனக்குப் பாடம் நடத்தவில்லை. நடத்த அவருக்கு என்ன தேவை? பக்கம் நல்லதாக ஆக ஆக அவருடைய கதிரைக்குத்தான் ஆபத்து. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஏன்க்கா பிழையெல்லாம் சொல்றீங்க? அப்புடியே விட்டா ஆக்கள் வெறுத்துப்போய் உங்களுக்குத்தான எடுப்பாங்க?"

"நாளைக்கி நான் இல்லாட்டி அவங்க இதுலதான எடுக்கணும்" என்றார். குரலில் ஒன்றுமில்லை. மணி என்ன என்று சொல்கிற மாதிரி.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவராகக் கேட்டார். தளம் முழுதாகத் திறப்பதற்கு முதல் நாள்.

"எங்க இருந்துன்னு ஒண்ணு கேட்டிருங்க தம்பி."

நான் மறுத்தேன். மறுப்பதற்கு என்னிடம் நிறைய இருந்தது. படிவத்தில் ஒவ்வொரு கேள்வி கூடும்போதும் பாதியில் விட்டுப் போகிறவர்கள் கூடுவார்கள் அக்கா. நல்ல படிவம் என்றால் குறைந்த கேள்விகள். பெயர், போன் நம்பர், டொக்டர், அவ்வளவுதான். எதையெல்லாம் எடுக்கலாம் என்றுதான் பார்க்க வேண்டும், எதைக் கூட்டலாம் என்று பார்க்கக் கூடாது. இதெல்லாம் படித்த பாடம், பிழையும் இல்லை. ஹாஜியாரும் கதவருகே நின்று, "அதுதானே மிஸ் பிரச்சினையே. ஊர் கேட்டுக் குடுக்கிறதுண்டுதானே ஆக்கள் சண்டைக்கு வாராங்க" என்றார்.

"சரி" என்றார் மிஸ். அதற்குப் பிறகு அவர் அதைக் கேட்கவே இல்லை.

இரண்டு மாதம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் எங்கேயிருந்து வருகிறார் என்று நானும் கேட்டதில்லை.

தளம் காலை ஆறு மணிக்குத் திறக்கும். பத்து நிமிடத்தில் முதல் இருபது நம்பர்கள் முடிந்துவிடும். எல்லாம் டவுன். விரல் வேகமானவர்கள், வீட்டில் நல்ல இணைய வசதி உள்ளவர்கள். மிச்சமானதைத்தான் மிஸ் போனில் கொடுக்கலாம் என்று ஏற்பாடு. பென்சிலும் அழிறப்பரும் மேசையில் இருந்தன, ஆனால் அழிக்க எதுவும் இல்லை. "எங்க இருந்து?" என்று கேட்பதை அவர் நிறுத்தவில்லை. பதிலைக் கேட்டுவிட்டு, "முப்பத்தொண்ணுதான் இருக்கு" என்பார்.

நான் இன்னொரு கெட்டித்தனமும் செய்திருந்தேன். நம்பர் எடுத்துவிட்டு இரண்டு தடவை டொக்டரைப் பார்க்காமல் போனவரின் போன் நம்பரைத் தளம் ஒரு மாதம் தானாகத் தடுத்துவைக்கும். வீணாகும் இடம் மற்றவருக்குக் கிடைக்கட்டும் என்று.

றத்தோட்டைக்கு மேலே ஏதோ தோட்டத்திலிருந்து ஒரு தாய் மாதாமாதம் மகனைக் கொண்டுவருவார். பிள்ளைக்கு வலிப்பு. மருந்துக்கு டொக்டர் மறுபடி எழுதித்தர வேண்டும். அவருக்கு முப்பத்தொன்று கிடைத்த நாளில் நானும் அங்கே இருந்தேன். ஐந்தே முக்கால் வரை வெளியே நீள வாங்கில் உட்கார்ந்திருந்தார். உள்ளே பதினேழாம் நம்பர் போய்க்கொண்டிருந்தது. கடைசி பஸ்ஸுக்கு எழுந்து போனார். அடுத்த முறை டொக்டர் வந்த நாளிலும் வந்து, அப்படியே எழுந்து போனார். மூன்றாம் முறை நேராக மிஸ்ஸிடம் வந்து போனைக் காட்டினார்.

"மிஸ், இதுல செவப்பா என்னமோ வருது. என்னன்னு பாருங்க."

மிஸ் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது என்ன தம்பி?"

"ரெண்டு தடவ வராம விட்டா ப்ளொக் ஆகும் அக்கா. மத்தவங்களுக்கும் இடம் கெடைக்கணும்ல."

"வந்தாங்களே."

"டொக்டர பாக்கலயே அக்கா, சிஸ்டத்துக்கு அதுதான் கணக்கு."

"வந்தாங்களே" என்றார் மறுபடியும். குரல் உயரவில்லை. பிறகு அந்தத் தாயிடம், "நாளைக்கி வாங்க. நாலரைக்கு இங்க நிக்கணும்" என்றார். நாளைக்கு எந்த நம்பரைக் கொடுக்கப்போகிறார் என்று நான் யோசிக்கவில்லை. அடுத்ததாகச் செய்யவிருந்த மசாலாத் தோட்டத் தளத்தில் என் மனம் இருந்தது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. குழந்தை வைத்தியர் வரும் நாட்களில், காலை ஆறு மணி அடித்ததும், ஒரே போன் நம்பரிலிருந்து பத்து நம்பர்கள் எடுக்கப்படுகின்றன. பெயர்கள் மட்டும் வேறு வேறு.

எனக்குக் கை பரபரத்தது. நம்பரைப் பிடித்துவைத்து விற்கிற ஏதோ தரகர் என்று முடிவுகட்டினேன். நாள்வாரியாக ஒரு வரைபடம் போட்டேன், கலரில் பிரிண்ட் எடுத்தேன். யாருடைய நம்பர் என்று எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. மிஸ்ஸின் கைத்தொலைபேசி எண் என்னிடம் இருந்ததே இல்லை, அவர் எப்போதும் அந்த மேசைப் போனில்தான் இருப்பார். நேராக ஹாஜியாரின் அறைக்குள் போய்த் தாளை விரித்தேன்.

"ஆஹ்" என்றார் ஹாஜியார். "யாருண்டு பாத்துருவோமே."

தன் போனில் ஒவ்வொரு இலக்கமாக அழுத்தினார். கடைசி இலக்கத்தோடு திரையில் ஒரு பெயர் வந்தது. அவர் போனில் 'மிஸ்' என்று பதிந்து வைத்திருந்தார். விரல் அதற்குள் அழைத்துவிட்டது.

அறையைப் பிரித்தது வெறும் பலகைச் சுவர். மறுபக்கம் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மிஸ் எடுக்கவில்லை. முன்னால் நின்ற வயதானவருக்குத் துண்டு எழுதிக்கொண்டிருந்தார். எந்த அறை, எந்தப் பக்கம் கதவு என்று சொல்லி முடித்தார். பிறகு அவராகவே உள்ளே வந்தார். மேசையில் விரித்திருந்த தாளைப் பார்த்தார்.

"யாருக்கு எடுத்தீங்க?" ஹாஜியார் கேட்டார்.

"மேல இருந்து வாறவங்களுக்கு."

"வித்தீங்களா?"

"இல்ல."

"பத்து நம்பர் ஒரே போன்ல எடுக்க ஏலுமா?"

"பேர மாத்திப் போட்டா விடுது ஹாஜியார்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "அது ஒரு பிழைதான் தம்பி. உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

அதற்குப் பிறகான நேரம் எனக்காகக் காலியாக விடப்பட்ட மாதிரி இருந்தது. தடுக்கப்பட்டவர்களின் பட்டியல் என் லெப்டொப்பில் இருந்தது. அதைத் திறந்து வைத்திருந்தாலே போதும், ஹாஜியார் விளங்கிக்கொண்டிருப்பார். நான் தாளின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கலர் கொஞ்சம் மங்கலாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். உண்மையாகவே அதைத்தான் நினைத்தேன்.

"மூணு மாசம் முடியட்டும் எண்டுதான் நான் ஈந்தேன் மிஸ்" என்றார் ஹாஜியார். "டவுன் ஆக்களுக்குத் தெரிஞ்சா என்ன செல்வாங்க? இனி எப்புடி வெச்சிக்கிறது?"

"சரி" என்றார் மிஸ்.

வெளியே போய் அன்றைய கலண்டர் தாளை எடுத்து என்னிடம் கொடுத்தார். "ஏழாம் நம்பருக்கு படி ஏற ஏலாது. கீழ இருப்பாங்க, கூப்புடணும். பதினொண்ணு சிங்களம் மட்டும்தான், சத்தமா பேசணும், காது கொஞ்சம் கொறவு." கைப்பையை எடுத்தார். படியில் இறங்கிப் போனார். போன் அடித்தது. நான் எடுத்து "ஹலோ" என்றேன்.

பிறகு அந்தப் போனையே எடுத்துவிட்டார்கள். என் தளம் நன்றாகத்தான் ஓடியது. அதைக் காட்டி ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் இரண்டு தங்குமிடங்களுக்கும், ஒரு மசாலாத் தோட்டத்துக்கும் தளம் செய்யும் வேலை எடுத்தேன். முகப்பில் முக்கியமானதை முதலில் சொல்கிறீர்கள் என்று அவர்கள் பாராட்டினார்கள். நன்றி என்றேன்.

சில மாதம் கழித்து ஹாஜியார் கூப்பிட்டார். மேலேயிருந்து வருகிற ஆட்கள் நின்றுபோனார்கள், குழந்தை வைத்தியரே எங்கே என்று கேட்கிறார் என்றார். "அந்த ஊர் கேக்கிற பெட்டிய போடுங்க மகன்."

போட்டேன். படிவத்தில் ஒரு கேள்வி கூடியது: 'எங்கேயிருந்து வருகிறீர்கள்?' ரிவர்ஸ்டன், றத்தோட்டைக்கு மேல், கலேவெல என்று பட்டியல். தூரத்து ஊரைத் தெரிவுசெய்தால் முன் நம்பர் கிடைக்கும். யாரும் பாதியில் விட்டுப் போகவில்லை. முதல் வாரம் அழகாக இருந்தது. இரண்டாம் வாரம் முதல் பதினைந்து பேரும் ரிவர்ஸ்டன். மூன்றாம் வாரம் மாத்தளை டவுனில் யாருமே குடியிருக்கவில்லை.

வாங்கில் இருந்தவர்களைப் போய்ப் பார்த்தேன். இரண்டாம் நம்பரோடு, குடையை மடக்கிக்கொண்டு, அடுத்த தெருவிலிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் பேரனோடு உட்கார்ந்திருந்தார்.

"சேர், நீங்க ரிவர்ஸ்டனா?"

"அப்படிப் போட்டாத்தான் நம்பர் கெடைக்குதாமே தம்பி" என்றார். வெட்கமெல்லாம் இல்லை. "எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க. சரியா வேல செய்யுது. நல்லா செஞ்சிருக்கீங்க."

இதை ஹாஜியாரிடம் சொன்னபோது முதலில் சிரித்தார். பிறகு முகத்தைத் தடவிக்கொண்டார்.

"மிஸ்ஸக் கேட்டுப் பாருங்க மகன். வாரதா ஈந்தா போனத் திரும்பப் போடுவோம். நான் கேட்டா நல்லா ஈக்காது, நீங்க கேளுங்க. இண்டைக்கே கேட்டுச் செல்லணும். நாளைக்குக் குழந்தை டொக்டர் வார நாள். மிஸ் வராட்டி மச்சான்ட மக ஒண்டு வேல தேடிட்டு ஈக்கிறா, அவவப் போடுறேன்."

மிஸ் ஒரு காமன்ட் தையல் ஃபெக்டரியில் சேர்ந்திருக்கிறார் என்று கீழே மருந்துக்கடையில் சொன்னார்கள். வேலை நேரத்தில் போனை லொக்கரில் வாங்கி வைத்துவிடுவார்களாம், பகல் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கையில் கொடுப்பார்களாம். நம்பர் என்னிடம் இருந்தது. அந்தக் கலர் தாளில்.

பன்னிரண்டரைக்கு எடுத்தேன். இரண்டாம் முறை மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டார். பின்னால் பீங்கான் சத்தம், நிறையப் பெண்களின் பேச்சு.

"அக்கா, நான்தான், வெப்சைட் தம்பி. நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். சொல்லுங்க தம்பி. பெல்லடிச்சா போன குடுத்திரணும்."

"சொல்றேன்க்கா. அதுக்கு முன்ன நான் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு ஹாஜியார் ரூம்ல நான் பேசாம நின்னது …"

மன்னிப்பிலிருந்து தொடங்கினேன். அது நீளமாக இருந்தது, மாதக்கணக்காக மனதுக்குள் எழுதிவைத்திருந்தது. பிறகு தடுக்கப்பட்டவர்களின் பட்டியலை நீக்கிவிட்டதைச் சொன்னேன். பிறகு ஊர் கேட்கிற பெட்டியைப் போட்டதைச் சொன்னேன். ரிவர்ஸ்டன்காரராகிவிட்ட ஓய்வுபெற்ற சேரைப் பற்றிச் சொன்னபோது மறுமுனையில் சின்னதாக ஒரு மூச்சு கேட்டது. அந்த மூச்சில் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"தம்பி, என்ன விஷயம்னு சொல்லுங்க" என்றார் இடையில்.

"அதுக்குத்தான்க்கா வாறேன்" என்றேன். "இப்ப நான் என்ன நெனைக்கிறேன்னா, கிட்ட இருக்கிறவங்களுக்கு தளம், தூரத்துல இருக்கிறவங்களுக்கு போன். ரெண்டும் ஒரே லிஸ்டுல வாற மாதிரி ஒரு பக்கம் செஞ்சிரலாம். போன்ல இருக்கிறவங்க பென்சில்ல அழிக்கிற மாதிரியே விரலால இழுத்து மேல கீழ மாத்தலாம். அத எப்புடிச் செய்யலாம்னா …"

பெல் அடித்தது. நீளமான, ஒரே சுருதியிலான பெல். கதிரைகள் இழுபடும் சத்தம்.

"வைக்கிறேன் தம்பி" என்றார். வைத்துவிட்டார்.

ஏழு நிமிடம் பேசியிருந்தேன் என்று திரை காட்டியது. வருவீர்களா என்று மட்டும் கேட்கவில்லை.

பின்னேரம் அஸர் தொழுகைக்கு இறங்கும்போது படியில் வைத்து ஹாஜியார் கேட்டார்.

"என்ன மகன், மிஸ் வருவாவா?"

"கேக்கல ஹாஜியார்."

"போன் எடுக்கலயா?"

"எடுத்தாங்க."

மிஸ் ஆறு மணிக்கு வேலை விட்டு வெளியே வருவார், அதுவரை பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஹாஜியார் போனை எடுத்து மச்சான் வீட்டுக்கு அடித்தார்.

"மகள நாளைக்கு ஒம்பது மணிக்கு வரச் செல்லுங்க" என்றார். "பெரிய வேல ஒண்டுமில்ல. போன் எடுக்கிறதுதான்."